டெல்லியில சொன்ன செரி

டெல்லிக்குப் போறேன்னு போன்ல சொல்லிட்டு இருந்தயே கண்ணு, காதுல உளுந்துது. ஒட்டுக் கேக்கல. பக்கத்து சீட்டுல உக்காந்துட்டுக் காத எங்க கொண்டு போயி வெக்கறது. வேலைக்கா? நல்லது, நல்லது. நல்ல ஊருதான். நானும் போயிருக்கறேன். போயி, ஒரு நாள் முச்சூடும் கால்நடையாவே சுத்திப் பாத்திருக்கறேன். அந்த மாதிரி ஒரு நாளு எனக்கு அதுக்கு முன்னாலயும் இல்ல, பொறவும் இல்ல. நெனச்சா இனிக்கும். நெனச்சா வயிறும் எரியும். ரெண்டும் நெசம்.

நீ பல்லடத்துல எறங்கறயா? நான் காங்கயம். இப்பத்தான வெள்ளகோயில் தாண்டுது, நேரங் கெடக்குது. சொல்றேன் கேளு. இன்னிக்கு ஆருகிட்டயாச்சும் சொல்லியே ஆகோணும் எனக்கு. தெரிஞ்சவங்ககிட்டச் சொன்னா எனக்கு முன்னால அது வூட்டுக்குப் போயிச் சேந்துரும். நீயின்னா உம்பாட்டுக்குப் போயிருவே.

எம் பேரு சம்பூரணம். காங்கயத்துல எங்களுக்குத் தேங்காக் களம். காய ஒடச்சு வெயில்ல காயப்போட்டு, பருப்பு எடுத்து, எண்ணெ ஆட்டறவங்களுக்கு அனுப்பறது. எங்கூட்டுக்காரரு பேரு நாச்சிமுத்து. கெட்ட மனுசன்னு நான் சொல்லமாட்டேன். குடி கெடையாது, கை நீட்டுனது கெடையாது. ஆனா வாயத் தொறந்தா காயி, மழை, ஆளு, இத உட்டா வேற பேச்சு வராது. என்னைப் பேரு சொல்லிக் கூப்புட்டதும் இல்ல. 'ஏ, இங்க பாரு'. அவ்வளவுதான் எம் பேரு. ரோட்டுல நடந்தா அவரு முன்னால போயிருவாரு, நான் பின்னால. கல்யாணமா இருந்தாலும் எழவா இருந்தாலும் அப்பிடித்தான். நான் அவரு முதுகப் பாத்துட்டே குடும்பம் நடத்துனவ. அவரு சட்டை முதுகுல எங்க கசங்கும்னு கேளு, கண்ண மூடிட்டுச் சொல்றேன். மூஞ்சியக் கேட்டா ரோசன பண்ணோணும்.

இப்பிடி இருக்கறப்ப, மூணு வருசத்துக்கு முந்தி எங்கழுத்துல ஒரு கட்டி வந்துது. இங்க, காதுக்குக் கீழ. நெல்லிக்கா அத்தன இருக்கும். வலியும் இல்ல ஒண்ணும் இல்ல. கோயமுத்தூர்ல ஒரு டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனாரு. ஊசி போட்டு என்னமோ எடுத்தாங்க. அப்பறம் ஒரு நாளு அவரு மட்டும் உள்ள போயிப் பேசிட்டு வந்தாரு, நான் வெளிய பெஞ்சுல உக்காந்திருந்தேன். என்ன சொன்னாங்கன்னு கேட்டதுக்கு, ரத்தங் கம்மியா இருக்குதாம், பேரிச்சம்பழம் திங்கச் சொல்றாங்கன்னாரு. செரின்னு பேரிச்சம்பழம் தின்னுட்டு இருந்தேன்.

அப்பறம் ஆளே மாறிப்போயிட்டாரு. கொழம்புல உப்புக் கம்மின்னா தட்டத் தள்ளி வெக்கற மனுசன். ஒரு நாளு நான் உப்புப் போடவே மறந்துட்டேன். பேசாமச் சாப்புட்டுட்டு எந்திரிச்சுப் போறாரு. நான் என் வாயில வெச்சப்பத்தான் எனக்கே தெரிஞ்சுது. களத்துக்குப் போனவரு பாதியில திரும்பி வருவாரு. என்னங்கன்னா, சும்மாம்பாரு. சமையக்கட்டுக் கதவுல சாஞ்சுட்டு நிப்பாரு. எனக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது, போயி வேலையப் பாருங்கன்னு தொரத்தி உடுவேன்.

ஒரு நாள் பொழுதோட வந்து, டெல்லிக்குப் போலாமான்னாரு.

டெல்லியில எந்தம்பி இருக்கறான், சிவசாமின்னு. கவர்மெண்டு வேல. அவஞ் சம்சாரம் தேவகி அங்க பள்ளிக்கூடத்துல டீச்சரா இருக்கறா. இருவது வருசத்துக்கு மேல வா அக்கா, வா அக்கான்னு கூப்புட்டுக் கூப்புட்டு அவனுக்கே சலிச்சுப் போச்சு. களத்த ஆரு பாக்கறதுன்னு இவரு ஒரே வார்த்தைல முடிச்சுருவாரு. இப்ப அவரே வந்து கேக்கறாரு. எனக்கு ஒரு சந்தேகம் வந்திருக்கோணுமா இல்லையா? வரல. சந்தோசம் வந்தா புத்தி எந்திரிச்சுப் போயிரும் போல.

டெல்லிக்குப் போனதும் தம்பி எங்கள மொதல்ல ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனான். ஊரு பாக்க வந்தவள ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வர்றயேடான்னு சிரிச்சேன். இங்க எல்லாரும் வருசம் ஒருக்கா ஒடம்ப முழுசாப் பாத்துக்குவாங்க அக்கா, அதான்னான். சிரிக்காமச் சொன்னான். கட்டியில இருந்து திரும்பவும் சதை எடுத்தாங்க. முடிவு நாளன்னிக்குத்தான் தெரியும்னாங்க. ஆக நடுவுல ஒரு நாளு சும்மா இருந்துது. அந்த நாளுதான் நான் சொல்ல வந்தது.

மாசி மாசம். அங்க மாசியில குளுரும் இல்ல, வெயிலும் இல்ல, நடக்கறதுக்குன்னே செஞ்சு வெச்ச மாதிரி இருக்கும். தம்பியும் தேவகியும் வேலைக்குப் போகோணும். நீங்க ரெண்டு பேருமே சுத்திப் பாருங்க, அவசரமே வேண்டாம், கால் வலிச்சா உக்காருங்கன்னு சொல்லி, ஆபீசு போற வழியில ஒரு பெரிய தோட்டத்துல எறக்கி உட்டுட்டுப் போனான். லோதி தோட்டம்னு பேரு. நீயும் பாப்பே. அந்தக் காலத்து ராசாக்களப் பொதச்ச கோபுரங்க அங்கங்க நிக்குது, சுத்தீலும் பச்சப் புல்லு, பூவுன்னா அப்பிடிப் பூவு. சமாதியச் சுத்தி இத்தன பூவா, நம்மூர்ல சுடுகாட்டுப் பக்கம் தலை வெச்சுப் படுக்கமாட்டமேன்னு சொன்னேன். அவரு எங்கையில இருந்த பைய வாங்கித் தந்தோள்ல மாட்டிக்கிட்டாரு.

அப்பறம் நடந்தோம் பாரு, எனக்கு நடக்கவே வரல. ஏன்னா அவரு பக்கத்துல வர்றாரு. நான் பழக்க தோசத்துல பின்தங்குவேன், அவரும் நின்னுக்குவாரு. நான் நின்னா நிக்கறாரு, நடந்தா நடக்கறாரு. எனக்குச் சிரிப்பா வந்துது. மரத்தடியில சின்னஞ்சிறுசுக சோடி சோடியா ஒட்டிட்டு உக்காந்திருந்துதுக. நான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன். அவரு பாத்துட்டு, இருந்துட்டுப் போகட்டும் உடுன்னாரு. எங்க ஊர்ல ஒரு பையனும் புள்ளையும் பஸ் ஸ்டாண்டுல பேசிட்டு நின்னதுக்கு அவிய அப்பங்கிட்டப் போயிச் சொல்லி வெச்ச மனுசன் இவரு.

அங்கிருந்து ரோட்டோட நடந்தோம். ரோடுன்னா என்ன ரோடு. ரெண்டு பக்கமும் வேப்பமரமும் நாவமரமும் கை கோத்துட்டு நிக்குது. வெள்ள வெள்ளையா பெரிய பெரிய வூடு, மந்திரிமாருக இருக்கறதாம், வாசல்ல துப்பாக்கியோட போலீசு. ரோடு அங்கங்க வட்டமாச் சுத்தி சுத்திப் பிரியும், எந்தப் பக்கம் போறதுன்னே தெரியாது. ரெண்டு பேருக்கும் இந்தி தெரியாது. வழி தப்பிப்போயி பாத்த வட்டத்துக்கே திரும்பியும் வந்தோம். வேற நாளா இருந்தா அங்கயே நின்னு எம்மேல எரிஞ்சு உளுந்திருப்பாரு. அன்னிக்குச் சிரிச்சாரு. போலாம், என்ன அவசரம், மழையா வரப்போகுதுன்னாரு. களத்துக்காரன் வாயில அந்தப் பேச்சு வர்றது லேசா? ஒரு எடத்துல கட்டச் செவுத்துல துண்ட விரிச்சு, உக்காரு பூரணம்னாரு.

பூரணம்னாரு கண்ணு. எனக்கு ஒரு நிமிசம் ஆரையோ கூப்புடறாரோன்னு இருந்துது.

இந்தியா கேட்டுக்குப் போனோம். டீவில பாக்கறதுக்கும் நேர்ல பாக்கறதுக்கும் சம்பந்தமே இல்ல, அண்ணாந்து பாத்தா கழுத்து வலிக்கும். அது மேல முச்சூடும் சண்டைல செத்தவங்க பேரு வெட்டியிருக்காம். நம்ம பக்கத்து ஆளுக பேரு இருக்குமான்னு சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டேன். கிட்டப் போக முடியல, சங்கிலி கட்டி வெச்சிருந்தாங்க. எட்டி நின்னு, கண்ணாடியத் தொடச்சுத் தொடச்சுப் போட்டுட்டு, அண்ணாந்து அண்ணாந்து தேடறாரு. இங்கிலீசு எழுத்து, அதுவும் எங்கயோ ஒசரத்துல. போதும் வாங்கன்னாலும் கேக்கல. நீ கேட்டயல்ல, இரு பாக்கறேங்கறாரு. நான் கேட்டத இத்தன வருசத்துல எப்ப இப்பிடித் தேடியிருக்காரு?

அங்க போட்டோ புடிக்கறவன் ஒருத்தன் பின்னாலயே வந்தான். வேண்டாம்னுதான் நான் சொன்னேன். இவரு நின்னாரு. நின்னு எந்தோள்ல கையப் போட்டாரு. நடு ரோட்டுல, அத்தன சனத்துக்கு நடுவுல. அந்தப் போட்டோ இப்பவும் எங்கூட்டு டீவி மேல இருக்குது. வர்றவங்க எல்லாம், என்னங்க உங்கூட்டுக்காரரு கேமராவப் பாக்காம உங்களையே பாத்துட்டு இருக்கறாருன்னு கேலி பண்ணுவாங்க. முன்னால எனக்கு அது பெருமையா இருந்துது. இப்பப் பாத்தா அது பொண்டாட்டியப் பாக்கற பார்வை இல்ல கண்ணு. பொணத்துக்கு மால போடறப்ப ஒரு பார்வை பாப்பாங்கல்ல, அது.

செரி, கதைய உட்டுட்டு நான் முன்னால ஓடறேன். அன்னிக்கு எனக்கு ஒண்ணுந் தெரியாது. அன்னிக்கு நான் புதுப்பொண்ணாட்டந்தான் நடந்தேன்.

ரெண்டு பேரும் ஐஸ் தின்னுட்டு, இன்னுங் கொஞ்சம் நடந்து, பெரிய பெரிய கட்டடத்துக்கு நடுவுல ஒளிஞ்சு கெடக்கற ஒரு படிக்கெணத்துக்குப் போனோம். தேவகி சொல்லி உட்ட எடம். மேல நின்னு பாத்தா கீழ, கீழன்னு படி எறங்கிட்டே போகுது, ரெண்டு பக்கமும் வளைவு வளைவா கல்லு மாடம். அடியில தண்ணி இல்ல. புறாதான். காலேசுப் புள்ளைக போட்டோ எடுத்துட்டு இருந்துதுக. நாங்க கொஞ்சம் எறங்கி, நெழலுல உக்காந்தோம். கல்லு சில்லுன்னு இருந்துது. அவரு துண்ட எடுத்து மூஞ்சியத் தொடச்சாரு. அப்பறம், "பூரணம், உங்கம்மா விசயத்துல உனக்கு ஒண்ணு சொல்லோணும்"னாரு.

எங்கம்மா விசயம் உனக்குச் சொல்லோணும். எங்கம்மா ஊரு, இப்பத் தாண்டி வந்தமே வெள்ளகோயில், அதுக்கு அந்தப் பக்கம், ரோட்டு மேல. எங்கப்பன் போனப்பறம் அது தனியாத்தான் இருந்துது, பக்கத்து வூட்டுப் பழனாத்தா தொணை. தம்பி டெல்லில. ஒரு ஐப்பசியில அம்மா படுத்துருச்சு. நான் போயிச் சேந்தப்ப எல்லாம் முடிஞ்சு, குளுப்பாட்டிப் படுக்க வெச்சிருந்தாங்க. இன்னுஞ் சித்த முந்தி வந்திருக்கக் கூடாதா, கடைசி வரைக்கும் உன்னையேதான கேட்டுச்சுன்னு எல்லாரும் சொன்னாங்க. எனக்குச் சேதி வந்ததே அன்னிக்குக் காலைலதான், கேட்ட கையோட கெளம்பி வந்தேன், நான் என்ன பண்ணட்டும்னு அழுதேன். அப்பிடியே சொல்லித்தான் இத்தன வருசமும் மனசத் தேத்திட்டு இருந்தேன்.

படிக்கெணத்துல உக்காந்துட்டு இவரு சொல்றாரு, சேதி அன்னிக்கு வரலியாம். அதுக்கு முந்தின நாளே களத்துக்கு போன் வந்துருச்சாம்.

களம் முச்சூடும் காய் ஒடச்சுப் போட்டிருந்துதாம். மேக்கால மானம் கருத்துட்டு வந்துதாம். நனைஞ்சா பருப்பு பூசணம் பூத்துரும். ஆளுக நெறைய, அத்தன பேருக்கும் நாந்தான் ஒல வெக்கோணும். "சொன்னா நீ அப்பிடியே போட்டுட்டுப் போயிருவே, ஒரு நாள்ல என்ன ஆயிரப் போகுதுன்னு நெனச்சுட்டேன் பூரணம், ஆகாதுன்னுதான் நெனச்சேன்"னு சொல்லிச் சொல்லி அழுதாரு. அந்த மனுசன் அழுது நான் பாத்ததே இல்ல. அவிய அப்பன் செத்தப்பக்கூட வேட்டிய மடிச்சுக் கட்டிட்டு மூங்கில் வெட்டப் போனவரு. இங்க தெரியாத ஊர்ல, புறாவுக்கு நடுவுல, கொழந்த மாதிரி தேம்பறாரு.

நான் என்ன செஞ்சிருக்கோணும் கண்ணு? நீ சொல்லு. எந்திரிச்சு வந்திருக்கோணும். நாலு வார்த்த நறுக்குன்னு கேட்டிருக்கோணும். எங்கம்மா மூஞ்சி வந்துது எனக்கு, வராம இல்ல. ஆனா காலைல இருந்து என் பக்கத்துல நடந்து வந்தவரு, எம் பேரச் சொல்லிக் கூப்புட்டவரு, எனக்காக அண்ணாந்து பேரு தேடுனவரு. நான் முந்தானைல அவரு கண்ணத் தொடச்சு உட்டு, செரி உடுங்க, போனது போச்சுன்னேன்.

"மனசாரச் சொல்றயா?"ன்னு கேட்டாரு.

மனசாரத்தான்னேன். பொய் இல்ல. மனசாரத்தான் சொன்னேன்.

அதுக்கப்பறம் அவருக்கு என்ன ஒரு தெளிச்சி. முதுகுல இருந்து மூட்டை எறக்குன ஆளாட்டப் படியேறுனாரு. கூட்டமான கடைவீதி, வெள்ளத் தூணு வெச்ச வட்டமான கட்டடம், அதெல்லாம் சுத்திட்டு ஒரு அனுமார் கோயிலுக்குப் போனோம். கோயிலச் சுத்தி வளவிக்காரிக, மருதோணி வெச்சு உடறவங்க. வெச்சுக்க, வெச்சுக்கன்னு இவரே புடிச்சு உக்கார வெச்சாரு. பேத்தி எடுத்தவளுக்கு மருதோணியான்னு எனக்கு வெக்கம். ரெண்டு கைலயும் முழங்கை வரைக்கும் பூவாப் போட்டு உட்டா அந்தப் பொம்பள. காயற வரைக்கும் கைய அசைக்கக் கூடாதுங்கறா. எனக்குப் பசி. இவரு போயி எண்ணெயில பொரிச்ச ரொட்டியும் உருளக்கெழங்கும் வாங்கியாந்தாரு. பிச்சுப் பிச்சு எனக்கு ஊட்டி உட்டாரு. கோயில் வாசல்ல, போறவங்க வர்றவங்க பாக்க. வாயோரத்துல ஒட்டுனதத் தம் வெரல்லயே தொடச்சு உட்டாரு. நான் அந்த அனுமாருகிட்ட வேற என்ன கேக்கறது? இது போதும்ப்பான்னேன்.

அடுத்த நாளு மத்தியானம் தம்பி ஓடி வந்தான். ஓடியேதான் வந்தான், செருப்பக்கூடக் கழட்டல. ஒண்ணுமில்ல மாமா, கெட்ட கட்டி இல்ல, வெறும் நெறி கட்டுனதுதான், மாத்தரையிலயே போயிருமாம்னான். இவரு அப்பிடியே செவுத்துல சாஞ்சு உக்காந்துட்டாரு. தேவகி ஓடி வந்து என்னைக் கட்டிக்கிட்டா. நான் நாத்தனாருல்ல, என்னை நங்கையான்னுதான் கூப்புடுவா. நங்கையா, உங்களுக்குக் கேன்சர்னு கோயமுத்தூர்ல சொன்னதுல இருந்து இந்த வூட்டுல ஒருத்தரும் சோறு தின்னு தூங்கல, கொஞ்ச நாளுதான்னு சொல்லிட்டாங்களாம், நாச்சிமுத்து அண்ணா போன் பண்ணி அழுவாரு, அதனாலதான் இப்பிடி ஊரு பாக்கறதுன்னு சொல்லிக் கூட்டிட்டு வந்தோம்னா. சந்தோசத்துல எல்லாத்தையும் கொட்டிட்டா. கேசரி கிண்டுனா.

பொழச்சவ நானு. நானும் சந்தோசப்படோணுந்தான? எல்லாரும் சிரிக்கறாங்க. நான் கேசரித் தட்ட அப்பிடியே கீழ வெச்சேன். கையப் பாத்தேன், மருதோணி நல்லாச் செவந்திருந்துது. எனக்கு அந்த நாளு முச்சூடும் திரும்ப ஓடுச்சு. பைய வாங்கிக்கிட்டது, துண்டு விரிச்சது, பூரணம்னது, தோள்ல கை போட்டது, ஊட்டுனது. ஒண்ணுகூட எனக்குச் செஞ்சதில்ல. செத்துப் போகப்போற எவளோ ஒருத்திக்குச் செஞ்சது. நான் அவ சேலையக் கட்டிட்டுக் கூட நடந்திருக்கறேன், அவ்வளவுதான்.

அதக்கூட உட்டுறலாம். அந்தக் கெணத்துப் படி. என்னை அனுப்பி வெக்கறதுக்கு முன்னால எங்கிட்ட ஒரு செரி வாங்கி வெச்சுக்கலாம்னு அழுதிருக்காரு. போறவகிட்டத் தீத்துக்கலாம்னு. எனக்கு விசயம் தெரிஞ்சிருந்தா நான் செரின்னு சொல்லியிருப்பனா, மாட்டனா? அது எனக்கே தெரியாது. ஆனா தெரிஞ்சுட்டு சொல்லியிருக்கோணுமல்ல? நான் சாகப் போறேங்கறது எனக்குத்தான மொதல்ல தெரியோணும்? எங்கம்மா சாகப் போறதும் எனக்குச் சொல்லல, நான் சாகப் போறதும் எனக்குச் சொல்லல. ஆருக்கு எப்ப என்ன தெரியோணும்னு அவரு தராசு வெச்சு நிறுத்து நிறுத்துக் குடுப்பாராமா?

ரயிலேற ஸ்டேசனுக்கு வந்தோம். கூட்டம். அவரு ஒரு பெட்டியத் தூக்கிட்டு முன்னால போயிட்டாரு. நான் ஒரு பையோட பின்னால. திரும்பிப் பாத்து, ஏ, வெரசா வான்னாரு. அதோட முடிஞ்சுது.

ஊருக்கு வந்து மருதோணி அழியறதுக்குள்ள உப்புக்குத் தட்டத் தள்ளி வெச்சாரு.

அப்பறம் ஒரு நாளு கேட்டேன். எங்கம்மா விசயத்துல நான் செரின்னு சொன்னது தெரியாமச் சொன்னது, அது செல்லாதுன்னேன். அவரு காயப் பரப்பிட்டு இருந்தாரு. "அதான் சொல்லிட்டேன், நீயும் உட்டுட்டே. இன்னும் எதுக்கு அதக் கெளறறே?"ன்னாரு. டெல்லியில அப்பிடி நடந்தீங்க, இப்பிடி நடந்தீங்க, அதெல்லாம் எங்க போச்சுங்கன்னு கேட்டேன். வெக்கத்த உட்டுத்தான் கேட்டேன். அவரு நிமுந்து என்னையப் பாத்தாரு. என்னமோ புரியாத பாஷை பேசறவளப் பாக்கற மாதிரி பாத்தாரு.

"நீ இருக்கறயே, அப்பறம் என்ன?"ன்னாரு.

கேட்டயா பதில? நீ இருக்கறயே. இருக்கறவளுக்கு ஒண்ணும் வேண்டாமாம். எனக்கு வந்த ஆத்தரத்துல, அந்த நோவு நெசமாவே வந்திருக்கலாம், நாலு மாசமாச்சும் மனுசியாட்டம் இருந்துட்டுப் போயிருப்பேன்னு சொல்லிப்போட்டேன். அவரு கையில இருந்த காயக் கீழ போட்டுட்டு வெளிய போனவருதான், ரெண்டு நாளு வூட்டுல வாயில தண்ணி படல. ரோசம். தப்புப் பண்றது அவரு, ரோசப்படறதும் அவரு.

இதெல்லாம் பழசு. இத வெச்சுட்டு நான் இத்தன நாளு ஓட்டிட்டுத்தான் இருந்தேன். என்னடா செய்யறது, நான் சாகப் போறேன்னு பயந்தாச்சும் உண்மையச் சொன்னாரே, அந்த ஒண்ணாவது நெசம்தானன்னு ஒரு எண்ணம். இன்னிக்கு அதும் போச்சு.

இன்னிக்கு எங்கம்மா ஊர்ல கோயில் நோம்பி. போயிருந்தேன். பழனாத்தாளப் பாத்தேன். கண்ணு மங்கிப் போச்சு, நெனப்பு மட்டும் தீட்டுன கத்தியாட்டம் இருக்குது. எங்கையப் புடிச்சுட்டு அம்மா பேச்சப் பேசுச்சு. பேச்சோட பேச்சா, உங்கூட்டுக்காரரு மகராசன், அன்னிக்கு அத்தன வேலைலயும் வண்டி எடுத்துட்டு வந்து பாத்துட்டுப் போனாரேங்குது. எப்பங்கன்னேன். போன் பண்ணுன அன்னிக்குத்தான், சாயங்காலம்னுது.

எனக்குப் பொட்டுல அடிச்ச மாதிரி இருந்துது. வந்திருக்கறாரு. நான் அங்க அடுப்புல பொகைக்கு நடுவுல ஆளுகளுக்குச் சோறு வடிச்சுட்டு இருக்கறேன், இவரு இங்க வந்து எங்கம்மா கட்டல்ல உக்காந்திருக்கறாரு. எளநி வெட்டிக் குடுத்தாராம். அம்மா, எங்க எம்புள்ளன்னு கேட்டுதாம். பஸ்ல பின்னால வர்றா, இப்ப வந்துருவான்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போனாராம்.

எதுக்கு வந்தாருன்னு எனக்குத் தெரியாதா? அவரு பொழப்பே அதுதான. காயத் தட்டிப் பாத்து இன்னும் ரெண்டு வெயில் தாங்குமான்னு சொல்றது. எங்கம்மாளையும் வந்து தட்டிப் பாத்துட்டுப் போயிருக்கறாரு, தாங்கும்னு.

எங்கம்மா அதுக்கப்பறம் தூங்கவே இல்லியாம். கட்டல வாசலுக்கு இழுத்துப் போடச் சொல்லி, ரோட்டப் பாத்துட்டே கெடந்துதாம். பஸ்ஸு நிக்கற சத்தங் கேட்டா தலையத் தூக்குமாம். கடைசி பஸ்ஸும் போயிருச்சு, உள்ள வாங்கன்னு பழனாத்தா சொன்னாலும் கேக்கலியாம். மாப்ள சொன்னாரே, வந்துருவான்னுதாம்.

இத அவரு படிக்கெணத்துல சொல்லல பாத்தயா. அத்தன அழுகையிலயும் சொல்லல. சாகப் போறவகிட்டயும் பாதிதான் சொல்லியிருக்கறாரு. அந்தப் பாதிக்கு நான் முழுசா ஒரு செரி குடுத்துட்டு, கையில மருதோணி வெச்சுட்டு வந்திருக்கறேன்.

காங்கயம் வந்துருச்சு. வேகமாத்தான் ஓட்டறான் இவன். அந்தப் பழக்கடைக்குப் பக்கத்துல, மொபெட்டப் புடிச்சுட்டு, வெள்ளச் சட்டை. அவருதான். டெல்லிக்குப் போயிட்டு வந்ததுல இருந்து இது ஒரு புது வேல. நான் எங்க போயிட்டு வந்தாலும் வந்து நின்னுக்குவாரு. எந்த பஸ்ஸுன்னுகூடக் கேக்கமாட்டாரு, வர்ற பஸ்ஸையெல்லாம் பாத்துட்டு நிப்பாரு. நாந்தான் நடந்து வந்துருவேனே, எதுக்கு வெயில்ல நின்னு மானத்த வாங்கறீங்கன்னா, பைய வாங்கி மொபெட்டுல மாட்டுவாரு.

அவருகிட்டக் கேக்கப் போறீங்களாங்கறயா? இல்ல கண்ணு. கேட்டா ஆமாம்பாரு. அழுவாரு. அவரு அழுதா எனக்குத் தாங்காது, முந்தானைய எடுத்துருவேன், எனக்கே தெரியும் எம்பட்ட லட்சணம். நான் கேக்கமாட்டேன். எனக்குத் தெரியும்னு தெரியவும் உடமாட்டேன். அது அவருகூடவே இருக்கட்டும்.

பாரு, எந்த ஜன்னல்ல இருக்கறேன்னு எட்டி எட்டிப் பாக்கறாரு. பாக்கட்டும். எங்கம்மாளும் இப்பிடித்தான் பாத்துட்டுக் கெடந்துது. அந்தப் பைய எடுத்துக் குடு கண்ணு. எறங்கறேன்.